கோடு தாண்டினால் வாடகை குறையும்: புதுச்சேரியில் எளியவர்கள் வீடு தேடும் கணக்கு

முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் புதுச்சேரி எங்கே முடிந்தது, கோட்டக்குப்பம் எங்கே தொடங்கியது என்று கவனிப்பதே இல்லை. கடைத்தெரு அறுபடாமல் போகிறது. பெயர்ப் பலகையில் விழுப்புரம் மாவட்டம் என்று பார்த்த பிறகுதான் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது உறைக்கும். கோரிமேட்டை ஒட்டிய பட்டானூரும் இப்படித்தான். தெற்கே கடலூர் சாலையில் முள்ளோடைக்கு அப்பாலும் இதே கதைதான். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கோடு நன்றாகவே தெரியும். ஏனென்றால் அதைத் தாண்டினால் பல நேரங்களில் அதே அளவு வீட்டுக்கு வாடகை குறையும்.

அப்படியானால் கையில் காசு குறைவாக உள்ள குடும்பங்கள் எல்லாம் ஏன் அந்தப் பக்கம் போய்விடவில்லை? இந்த ஊரின் வாடகைச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

புதுச்சேரியில் ஏழைக் குடும்பத்தின் முக்கியமான சொத்து சிவப்பு ரேஷன் அட்டை. ஓரளவு வசதி உள்ளவர்களுக்கு மஞ்சள் அட்டை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிடைக்க வேண்டிய தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை 2015-இல் இங்கே வந்தது. வேறு எந்த அரசு உதவியும் பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. பிள்ளைகள் படிப்பு அதைவிடப் பெரிய விஷயம். மாணவர் சேர்க்கையை நடத்தும் அரசு அமைப்பான சென்டாக் மூலம் இந்தப் பிரதேசத்துக்கான கல்லூரி இடங்களைப் பெறக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தொடர்ந்து 5 ஆண்டுகள் யூனியன் பிரதேசத்துக்குள் வசித்திருக்க வேண்டும். இவை எல்லாமே முகவரியில் தொங்குகின்றன.

கோட்டக்குப்பத்துக்குக் குடிபோனால் இந்த முகவரி போய்விடும். தமிழ்நாட்டில் புதிதாக ரேஷன் அட்டை வாங்க வேண்டும். அதற்குப் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அங்கே 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் சில மாதங்கள் இரண்டு அரசுகளின் பட்டியலிலும் இல்லாத குடும்பமாக இருக்கவும் நேரும். மாத வாடகையில் 1,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இதையெல்லாம் விடுவது லாபமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பலர். இந்தப் பக்கம் உள்ள அக்கா வீட்டு முகவரியில் அட்டையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களும் உண்டு. சட்டப்படி சரியில்லைதான். ஆனால் திட்டுத்திட்டாகக் கிடக்கும் ஒரு எல்லையைப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் விட்டுவிட்டுப் போனதற்கு இன்றைய கொத்தனார் குடும்பம் என்ன செய்யும்?

கோட்டுக்கு இந்தப் பக்கம் இடம் ஏன் இவ்வளவு நெருக்கடி என்றால், முதல் காரணம் பரப்பளவு. புதுச்சேரிப் பகுதி மொத்தமே 300 சதுர கிலோமீட்டருக்குள். 2011 கணக்கெடுப்பின்படி அதில் ஏறக்குறைய 9.5 லட்சம் பேர். நகரம் கிழக்கே கடலில் முட்டுகிறது, வடக்கே தமிழ்நாட்டில் முட்டுகிறது. வளர்ந்ததெல்லாம் மேற்கே உழவர்கரை, ரெட்டியார்பாளையம், வில்லியனூர் பக்கமும், தெற்கே அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கமும்தான்.

அடுத்தது போட்டிக்கு வருகிறவர்கள். ஜிப்மர், காலாப்பட்டில் 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், சுற்றிலும் தனியார் மருத்துவ, பொறியியல் கல்லூரிகள். லாஸ்பேட்டையிலோ கோரிமேட்டிலோ இரண்டு அறை உள்ள வீட்டைக் குடும்பத்துக்கு விட்டால் ஒரு வாடகை. நான்கு மாணவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விட்டால் அதைவிடக் கூடுதல். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இதே கணக்கு வட மாநிலத் தொழிலாளர்களை வைத்து நடக்கிறது. ஒரே அறையில் எட்டுப் பேர், தலைக்கு ஒரு தொகை. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு சம்பளம் என்று வரும் குடும்பத்தால் இந்தத் தலைக்கணக்கோடு போட்டி போட முடியாது.

மூன்றாவது ஆள் சுற்றுலாப் பயணி. சென்னை, பெங்களூருவிலிருந்து வார இறுதிக்கு வருகிற கூட்டத்துக்காக, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த பழைய வீடுகள் முதலில் விருந்தினர் இல்லங்களாயின. அதில் ஏழைகள் இழந்தது அதிகமில்லை. அங்கே அவர்கள் வாடகைக்கு இருந்ததே குறைவு. இப்போது வாய்க்காலுக்கு மேற்கேயும், கடலோரத்தில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கமும் மாடி போர்ஷன்கள் ‘ஹோம் ஸ்டே’ ஆகின்றன. ஒரு இரவுக்கு 1,500 ரூபாய் வாங்கும் அறை மாதத்தில் எட்டு இரவு நிரம்பினாலே 12,000 ரூபாய். மீதி நாள் பூட்டிக் கிடந்தாலும் ஓனருக்குக் கவலையில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவரும் அறை துடைக்கிறவரும் கூப்பிடு தூரத்தில் குடியிருந்த காலம் போய், வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிறார்கள். அந்தப் பயணச் செலவும் வாடகையில் சேர வேண்டியதுதான். யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சரி, வாடகையையாவது மாதாமாதம் எப்படியோ புரட்டிவிடலாம். பல குடும்பங்கள் இடறி விழுவது வாசலில், அட்வான்ஸில். 6,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்க்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டால் 30,000. முதல் மாத வாடகை 6,000. புரோக்கர் வழியாக வந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். சாமான் ஏற்ற வண்டி, பால் காய்ச்சுகிற செலவு. 45,000 ரூபாய் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. மாதம் 15,000 சம்பாதிக்கிற வீட்டுக்கு இது மூன்று மாத வருமானம். பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்தால் புதிய வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால், பழைய ஓனர் அடுத்த குடித்தனக்காரர் வந்தால்தான் கொடுப்பேன் என்பார். அதிலும் வெள்ளை அடிக்க, குழாய் மாற்ற என்று பிடித்தம் போகும். நடுவில் நகை அடகுக்குப் போகிறது, அல்லது வாரவட்டிக்காரர் வருகிறார்.

ஓனர்கள் ஏன் இவ்வளவு அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்பதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் மூன்று பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் முதலியார்பேட்டைப் பக்கம் மில் தொழிலாளி என்று சொன்னாலே அது ஒரு உத்தரவாதம். மாதச் சம்பளம் வரும், ஆளும் ஓடிவிட மாட்டார். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என மூன்றும் 2020-இல் மூடப்பட்டன. அதற்கு வெகு முன்பே அவற்றில் வேலை சுருங்கிவிட்டது. இன்றைக்கு வீடு கேட்டு வருகிறவர் கேட்டரிங் வேலை, துணிக்கடை வேலை, சென்ட்ரிங் வேலை என்கிறார். காட்டுவதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அந்தச் சீட்டு இருந்த இடத்தில் அட்வான்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டது.

மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் லைன் வீடு. ஒரே மனையில் வரிசையாக நான்கைந்து அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், எல்லாருக்கும் பொதுவாக ஒன்றோ இரண்டோ கழிப்பறை. இங்கே வாடகையோடு முடிவதில்லை, கரண்ட் பில் தனி. மொத்த மனைக்கும் ஒரே இணைப்பு, ஒவ்வொரு அறைக்கும் ஓனர் மாட்டிய சப் மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் ஐந்து குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட்தான். எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகக் கூடுவதால் கட்டணமும் மேல் அடுக்குக்குப் போய்விடும். ஓனர் இதைக் காட்டி யூனிட்டுக்கு ஒரே விலை என்று வசூலிக்கிறார். பங்களாவில் தனி மீட்டர் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் இலவச யூனிட், ஒரு அறையில் குடியிருப்பவருக்குக் கிடைப்பதில்லை. கடலூரில் வண்ணாரப்பாளையம் ஆனாலும் கோட்டக்குப்பம் ஆனாலும் இதுதான் நிலை. புதுச்சேரி மின்துறையின் விகிதங்கள் வேறு, ஆனால் சப் மீட்டர் தந்திரம் அங்கேயும் ஒன்றே.

மாத வாடகையிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. லீஸ் என்கிறார்கள், போக்கியம் என்கிறார்கள், சில ஊர்களில் ஒத்தி. ஓனரிடம் ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று வருடம் வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். எளிய குடும்பங்கள் நகையை விற்றும், சீட்டு எடுத்தும், சுய உதவிக் குழுவில் கடன் வாங்கியும் லீஸுக்குப் போகின்றன. இதில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

மாதம் 6,000 வாடகை போகக்கூடிய வீட்டை 4 லட்சத்துக்கு லீஸுக்கு விடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் இழப்பது வருடத்துக்கு 72,000 ரூபாய். அதாவது 4 லட்சம் ரூபாயை 18 சதவீத வட்டிக்கு வாங்குகிறார். வீட்டுப் பத்திரம் கையில் சுத்தமாக இருக்கிற ஒருவருக்கு வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமே? பிறகு ஏன் இப்படி வாங்குகிறார்? பல நேரங்களில் பதில் ஒன்றுதான்: பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது, அல்லது வேறு கடன் கழுத்தை நெரிக்கிறது. எல்லா லீஸ் ஓனரும் அப்படியில்லை. மகள் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டவர்களும், கணக்கே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடனில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஓனர்தான் லீஸுக்கு வீடு விட மிகவும் ஆர்வமாக இருப்பார் என்பதை மறக்கக் கூடாது. மாத வாடகையே கொடுக்க முடியாத குடும்பம், தன் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய் அவரிடம்தான் கொடுக்கிறது.

அந்த ஓனர் வங்கித் தவணையைக் கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தும். அப்போது கதவில் நோட்டீஸ் ஒட்டுவதைப் பார்த்துத்தான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யாமல் வைத்த ஒப்பந்தத்தைக் கொண்டு வங்கியை எதிர்த்து வெகுநாள் நிற்க முடியாது. 4 லட்சத்தை ஓனரிடம்தான் கேட்க வேண்டும், அவரோ ஊரிலேயே இருக்க மாட்டார்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும், பணம் கொடுத்து வீட்டை அனுபவிக்கும் போக்கியமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்திலேயே உள்ளது. முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று ஓனரும் தயங்குவார், குடிவருகிறவரும் தயங்குவார். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக மொத்தத் தொகையையும் பணயம் வைப்பது புத்திசாலித்தனமில்லை. குறைந்தபட்சம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளத்தில் அதை இலவசமாகவே பார்க்க முடியும். ஆனால் பத்திரத்தை மட்டும் வங்கியில் வைத்துப் பதிவில்லாமல் வாங்கிய கடன் அதில் வராமல் போகலாம். அதைத் தேட செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது, சிறு கட்டணம்தான். எல்லாவற்றையும்விட எளியது, மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்வது. நகலை மட்டும் நீட்டுகிறார் என்றால் யோசிக்க வேண்டும்.

பணம் தயாராக இருந்தும் வீடு கிடைக்காத குடும்பங்கள் வேறு. ‘டூ லெட்’ பலகையைப் பார்த்துப் போனால் முதலில் வரும் கேள்விகள் பழகியவை. எத்தனை பேர், என்ன வேலை, கறி மீன் சாப்பிடுவீங்களா, சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு. கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அப்புறம், “நேத்துதான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம், தம்பி” என்று முடியும். தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்கவிடாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் “சொல்லிட்டோம்” என்ற ஒரு வார்த்தைக்கு எதிராக எதைச் சாட்சியாகக் காட்டுவது? முஸ்லிம் குடும்பங்களுக்கும், கணவர் இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கும் பெண்களுக்கும், திருநங்கைகளுக்கும் இதே மாதிரிப் பதில்தான் கிடைக்கிறது. வாடகைக்கு விட மறுக்கும் வீடுகள் அதிகமாக அதிகமாக, மிச்சமிருக்கும் சில தெருக்களில் வாடகை ஏறுகிறது. ஆக, மறுக்கப்படுகிறவர்கள் மோசமான வீட்டுக்கு அதிக வாடகை கொடுக்கிறார்கள்.

மலிவான இடம் ஏன் மலிவு என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது. கடலூரில் கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் தாழ்வான பகுதிகளில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து எதையெல்லாம் மூழ்கடித்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள். சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கம் ரசாயன நாற்றம் பற்றிய புகார் பல வருடங்களாக இருக்கிறது. வெள்ளத்தில் பீரோவும் மெத்தையும் பள்ளிப் புத்தகமும் போனால், வீட்டு உரிமையாளருக்கு வருவதுபோல் கட்டடச் சேதத்துக்கான உதவியும் குடித்தனக்காரருக்கு வராது.

அரசு என்ன செய்கிறது? நிறையவே செய்கிறது, ஆனால் வேறு ஒருவருக்கு. புதுச்சேரியில் காமராஜர் பெயரில் உள்ள கல்வீட்டுத் திட்டம் சொந்த மனை இருப்பவர் வீடு கட்ட மானியம் தருகிறது. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-இல் நகரங்களுக்கு வந்தபோது அதன் பிரிவுகள் எல்லாமே சொந்த வீடு கட்டவும் வாங்கவும்தான். பட்டா இருந்தால் பயனாளி. பட்டா இல்லாமல் ஆக்கிரமிப்பில் குடிசை போட்டிருந்தாலும், குடிசை மாற்று வாரியம் என்றாவது அடுக்குமாடி கட்டித் தரும்போது பட்டியலில் பெயர் வரும். ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டு லைன் வீட்டில் இருக்கிறவர் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2011 கணக்குப்படி இந்திய நகரங்களில் 27.5 சதவீதக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. அதே நேரத்தில் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

2020-இல் ஊரடங்கின்போது புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்த பிறகுதான் தில்லிக்கு வாடகை வீடு நினைவுக்கு வந்தது. அந்த ஜூலையில் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அரசுப் பணத்தில் கட்டி ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விடுவது ஒரு வழி, தனியாரும் நிறுவனங்களும் தங்கள் நிலத்தில் புதிதாகக் கட்டி 25 ஆண்டுகள் வாடகைக்கு நடத்துவது இன்னொன்று. சண்டிகரில் 2,195 வீடுகள் முதல் வழியில் மாறின. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின், 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வாடகைக் குடியிருப்பு ஒரு தனிப் பிரிவாகவே உள்ளது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளவர்கள் நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு.

இது எங்கே நன்றாக நடக்கிறது என்று பார்த்தால், பின்னால் ஒரு பெரிய முதலாளி நிற்கும் இடத்தில். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 18,720 பேருக்கானது, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செல்போன் ஆலை ஆள் அனுப்புகிறது, வாடகை நிச்சயம், எனவே கட்டடம் எழும்புகிறது. புதுச்சேரியின் வேலைகளோ ஆயிரம் சிறு கடைகளிலும் ஓட்டல்களிலும் பட்டறைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் சார்பில் யாரும் கையெழுத்துப் போட வர மாட்டார்கள். அதோடு அந்த விடுதிகள் தனி ஆட்களுக்கானவை. குடும்பத்துக்கு அங்கே இடமில்லை.

சட்டத்தின் பக்கம் இரண்டு வேறு உலகங்கள். புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நியாய வாடகை நிர்ணயம், காரணம் காட்டித்தான் காலி செய்யச் சொல்ல முடியும் என்ற பழைய பாணி. தமிழ்நாடு அந்தப் பாணியை விட்டுவிட்டு, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும், தகராறு என்றாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் விதியிலேயே, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் தவிர என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதம் கேட்கும் ஓனர் ஒப்பந்தத்திலேயே ஐந்து மாதம் என்று எழுதிவிட்டால் போதும். லைன் வீட்டில் ஒப்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம். வாடகையை ஜிபேயில் அனுப்பினால் அந்தப் பதிவாவது கையில் இருக்கும். ரொக்கமாகக் கொடுக்கிறவருக்கு அதுவும் இல்லை.

என்னைக் கேட்டால், புதுச்சேரி அரசு கைவைக்க வேண்டியது வாடகைத் தொகையில் அல்ல, அந்த 30,000 அட்வான்ஸில். சிவப்பு அட்டைக் குடும்பத்துக்குச் சொந்த வீடு கட்ட லட்சக்கணக்கில் மானியம் கொடுக்க முடிகிற அரசு, அதில் ஒரு சிறு பங்கை அட்வான்ஸ் கடனாகக் கூட்டுறவு வங்கி வழியாகக் கொடுக்கலாம். பணம் நேராக ஓனர் கணக்குக்குப் போகட்டும், காலி செய்தால் நேராக வங்கிக்குத் திரும்பட்டும். ஒப்பந்தம் எழுதினால்தான் கடன் என்று வைத்தால் ஓனர்களும் எழுதுவார்கள். மூடிய பஞ்சாலைகளின் நிலங்களை என்ன செய்வது என்று பேசும்போதெல்லாம் பூங்கா, வணிக வளாகம் என்றுதான் பேச்சு வருகிறது. நகரத்தின் நடுவே, பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள அந்த நிலத்தில் ஒரு மூலையில் இருநூறு வாடகை வீடுகள் கட்டினால், துப்புரவுப் பணியாளரும் ஓட்டல் தொழிலாளியும் வில்லியனூரிலிருந்து வர வேண்டியதில்லை. விற்பனைக்கு இல்லை, ஒதுக்கீடு இல்லை, வாடகை மட்டும். கட்டிய பிறகு தண்ணீர்த் தொட்டியையும் லிஃப்டையும் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் சிக்கலான கேள்வி. ஏற்கெனவே உள்ள வாரியக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளைப் பார்த்தவர்கள் அதை முதலில் கேட்பார்கள், அப்படிக் கேட்பதும் சரிதான்.